தும்மல் தையல்

என் மனைவி தும்மினால் மெஷின் ஓடும்.

பவர் டேபிள் என்று எங்கள் ஊரில் சொல்கிற தையல் மெஷினுக்கு மிதி காலடியில் இருக்கிறது. பாதத்தை லேசாக அழுத்தினால் ஊசி நிதானமாக நடக்கும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் பேய் பிடித்ததுபோல் பறக்கும். தும்மும்போது கண் தானாக மூடிக்கொள்வது உலகத்துக்கே தெரியும். கால் தானாக அழுத்தும் என்பது திருப்பூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அவள் ஒரு தும்மல் தும்மினால் தோள்பட்டையில் போய்க்கொண்டிருந்த தையல் கழுத்துக்கு ஏறிவிடும். அடுத்த தும்மலில் கழுத்தும் கையும் ஒன்றாகத் தைக்கப்பட்டு, எந்த நாட்டுக் குழந்தையும் தலையை நுழைக்க முடியாத ஒரு சட்டை பிறக்கும். அவளுக்குத் தும்மல் ஒற்றையாக வந்ததே இல்லை. சரம் சரமாகத்தான் வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நாங்கள் நல்லூரில் குடியிருந்தோம். முன்னறையில் நாலு மெஷின், பின்னால் நாங்கள். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கிற துணியை வாங்கித் தைத்துத் திருப்பிக் கொடுப்பது அவள் தொழில். வருடக்கணக்கில் அடுத்தவர்களின் மெஷினில் உட்கார்ந்து தைத்தவள், இப்போது நாலு மெஷினுக்கு முதலாளி. காலையில் மெஷின்களுக்கு ஊதுபத்தி காட்டும்போது அவள் முகத்தில் இருக்கும் வெளிச்சத்தை, எனக்கே அவள் கற்பூரம் காட்டியிருந்தால்கூடப் பார்த்திருக்க முடியாது. நான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் ஆள். ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, பார்க்க நன்றாக இருக்கும் பீஸையெல்லாம் ஓட்டை, கறை, கோணல் என்று குற்றம் சொல்லிச் சம்பளம் வாங்குபவன்.

தும்மலோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இருமல் வந்தது. பிறகு விடியற்காலையில் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும் சத்தம் வந்தது. பக்கத்திலிருந்த கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் தலை நிமிராமல், "என்ன வேலை?" என்றார்.

"பனியன் தைக்கறனுங்க."

"பஞ்சுத் தூசி. தைக்கிறதை விட்டுருங்க." மாத்திரை எழுதினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பைக்கில் திரும்பினோம். சிக்னலில் வண்டி நின்றதும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "வேணும்னா மூக்க அறுத்துக்கறனுங்க. மெஷின வுட மாட்டேன்."

செய்தி சாமளாபுரம் வரை போயிற்று. அங்கே அவளுடைய அண்ணன் தறி ஓட்டுகிறார். அடுத்த நாளே வந்துவிட்டார். என் மைத்துனர் சத்தமாகப் பேசுகிற ஆள். தறிக்கூடத்தில் பேசிப் பேசி, ரகசியம் சொன்னாலும் தெருக்கோடி வரை கேட்கும்.

"மாப்ள, உங்களுக்குத் தெரியாது. எங்கய்யன் இழுத்துக்கிட்டே கெடந்ததை நாங்க பாத்தவங்க. அப்பெல்லாம் அலர்ஜின்னு ஆரு சொன்னா? ஈளைன்னாங்க. சூடு போட்டாங்க. ஒரு நா விடியறதுக்குள்ள போயிருச்சு. இவளும் அப்பிடி ஆவோணுமா?"

"அண்ணா, எனக்கு ஒண்ணும் ஆவாதுங்ணா" என்றவள் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் வரிசையாகத் தும்மித் தீர்த்தாள்.

அவர் காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "ஆடி முடியற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இது நிக்கலைன்னா டெம்போவோட வருவேன். நாலு மெஷினையும் ஏத்திக் குடுத்துரோணும். அப்பறம் ஏண்ணா, எதுக்குண்ணான்னு கேக்கப்படாது."

அவருக்கு எதிரே நின்று பேசுகிற தைரியம் எனக்கு இல்லை. அவளுக்கும் அன்று வரவில்லை, ஏனென்றால் அப்பாவின் இழுப்பை அவளும் கேட்டு வளர்ந்தவள். அவர் போனபிறகு மெஷின் மேல் உறையைப் போட்டபடி என்னிடம் கேட்டாள்: "ஏனுங்க, இத்தன வருசம் அடுத்தவங்க கம்பெனியில பஞ்சுக்குள்ளயே கெடந்தேன். ஒரு தும்மல் இல்லை. என்ற சொந்த மெஷின்ல உக்காந்தொடனே எப்பிடிங்க வருது?"

அந்தக் கேள்வி என்னைப் பிடித்து ஆட்டிவிட்டது. இருபது வருடமாகக் குற்றம் கண்டுபிடிப்பதே தொழிலாக இருக்கும் ஒருவனுக்கு, சொந்த வீட்டில் ஒரு குற்றவாளி ஒளிந்திருக்கிறான் என்றால் எப்படி இருக்கும்? எனக்குத் தூக்கம் போயிற்று. கவலையால் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். உண்மையில் உற்சாகத்தால்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். பலகை அடித்த சின்னச் சின்ன அறைகளில், மற்ற ஆண்கள் எதையோ பார்த்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்ட அந்த இடத்தில், நான் மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தும்மலைப் பற்றிப் படித்தேன். கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

என் ஆங்கிலம் பேக்கிங் லிஸ்ட் ஆங்கிலம். ஆனாலும் புரிந்தவரை புல்லரித்தது. உலகம் முழுக்க இது கூடிக்கொண்டே போகிறதாம். எனக்கு உடனே மகளின் பள்ளி ஞாபகம் வந்தது. போன பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் மதிப்பெண் சொன்னதைவிட, அம்மாமார்கள் எது எது தங்கள் பிள்ளைக்கு ஆகாது என்று சொன்ன நேரம்தான் அதிகம். ஒருத்திக்கு முட்டை, ஒருத்திக்குக் கத்தரிக்காய், ஒருவனுக்குப் பால், இன்னொருவனுக்கு எதனால் என்றே தெரியாத தடிப்பு. நான் படிக்கும்போது எனக்கு ஆகாத ஒரே பொருள் கணக்கு.

காரணமாக அங்கே ஒரு கருத்து எழுதியிருந்தது: மனிதர்கள் அளவுக்கு மீறிச் சுத்தமாகிவிட்டார்களாம்! அழுக்கு, மண், கிருமி இவற்றோடு சின்ன வயதில் பழகாத உடம்புக்கு எது எதிரி, எது விருந்தாளி என்ற அடையாளம் தெரியாமல் போகிறதாம்.

பைக்கை எப்படி ஓட்டி வந்தேன் என்றே தெரியாது. வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினேன்: "கண்டுபிடிச்சுட்டேன் புள்ள! நாம ரொம்பச் சுத்தமாயிட்டோம்!"

அவள் என் சட்டைக் காலரைப் பார்த்தாள். பிறகு சாக்ஸைப் பார்த்தாள்.

"இங்க பாரு" என்று நான் முன்னறையிலேயே வகுப்பெடுத்தேன். "உடம்புக்குள்ள என்னையாட்ட ஒரு செக்கிங் ஆள் இருக்கறான். கெட்ட பீஸ் வந்தா தூக்கி எறியறது அவன் வேலை. முன்னெல்லாம் அவனுக்கு மூட்டை மூட்டையா கெட்ட பீஸ் வரும். சீதபேதி, பூச்சி, சொறி, சிரங்கு. பாவம், நிமிர நேரம் இருக்காது. இப்ப என்ன ஆச்சு? எல்லாம் சுத்தம். நாள் முழுக்க ஒரு கெட்ட பீஸும் வரலை. சும்மா உக்காந்திருந்தா சூப்பர்வைசர் என்ன நெனைப்பான்? அதனால நல்ல பீஸை எடுத்து ரிஜெக்ட், ரிஜெக்ட்னு எறியறான். பாலு ரிஜெக்ட், கத்தரிக்கா ரிஜெக்ட், பஞ்சு ரிஜெக்ட். அதுதான் அலர்ஜி!"

தேனிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் தைத்துக்கொண்டிருந்த அக்கா ஓவர்லாக் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டது: "ஏண்ணே, அப்ப போன வாரம் நான் தச்ச நல்ல பீஸை எல்லாம் உங்க கம்பெனி திருப்பி விட்டுச்சே, அது உங்களுக்கு வந்த அலர்ஜியா?"

மெஷின் இருந்த அறை முழுக்கச் சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை, யோசித்தாள்.

"ஏனுங்க, நான் பொறந்தப்ப தொட்டில் கட்டுனது எருமைக் கொட்டாயிக்குப் பக்கத்துலயாம். சாணி அள்ளியிருக்கறேன். கெணத்துல பாசியோட தண்ணி குடிச்சிருக்கறேன். என்ற செக்கிங் ஆளுக்கு வேலை பஞ்சமே இல்லீங்களே. அப்பறம் நான் எதுக்குத் தும்மறேன்?"

என் மகத்தான கண்டுபிடிப்பு அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இருந்தாலும் விடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் தெரிந்தவர் தோட்டத்திலிருந்து ஒரு கேரி பேக் நிறையச் செம்மண் வாங்கி வந்து, தினம் கொஞ்ச நேரம் கையை விட்டுப் பிசைந்தால் என்ன என்று அவளிடம் கேட்டேன். அவள் அதை வாங்கிக் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டினாள். அந்த வருடம் கறிவேப்பிலை நன்றாக வந்தது.

கம்பெனியில் ஒருவர் சொல்லித்தான் கோயம்புத்தூரில் அலர்ஜிக்கென்றே ஒரு டாக்டரம்மா இருப்பது தெரிந்தது. போன் செய்தபோது, டெஸ்ட்டுக்குச் சில நாள் முன்பே தும்மல் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்றார்கள். நிறுத்தினோம். அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க எனக்குத் திறமை போதாது. பஸ்ஸில் போகும்போது அவள் தும்மின தும்மலில் கண்டக்டரே எங்களுக்கு முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார்.

டாக்டரம்மா எங்கள் வயதுதான். வேகமாகப் பேசினார், அதைவிட வேகமாகக் கேட்டார். என் மனைவியின் முன்கையில் பேனாவால் கோடு போட்டு எண் எழுதி, ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு மருந்து வைத்தார்கள். ஒன்று பஞ்சுத் தூசியின் சாறு, ஒன்று கரப்பான், ஒன்று நாய் முடி, ஒன்று ஏதோ புல்லின் மகரந்தம், இன்னும் என்னென்னவோ. ஒவ்வொரு சொட்டின் மேலும் ஊசி முனையால் தோலை லேசாகத் தொட்டார்கள். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். எது ஆகாதோ அந்த இடம் கொசு கடித்ததுபோல் தடிக்கும்.

இப்படி ஓர் ஆட்டம் உலகத்தில் இருப்பது எனக்கு இத்தனை வயது வரை தெரியாமல் போயிற்றே! கிரிக்கெட்டில் கடைசி ஓவர்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை. என்னால் உட்கார முடியவில்லை.

"டாக்டர், எனக்கும் போட்டுப் பாருங்களேன்."

"உங்களுக்கு என்ன தொந்தரவு?"

"ஒண்ணும் இல்லைங்க."

"அவருக்கு இருக்கற தொந்தரவே வேறைங்க டாக்டர். அதுக்கு இங்க சொட்டு மருந்து இருக்காதுங்க" என்றாள் என் மனைவி.

டாக்டரம்மா சிரித்துவிட்டு எனக்கும் கோடு போடச் சொன்னார். இருவரும் இட்லி வாங்க இலையை நீட்டுவதுபோல் கையை நீட்டிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். சொறியக் கூடாது என்பது உத்தரவு. சொறியக் கூடாது என்று சொன்ன நொடியிலிருந்து எனக்கு உச்சந்தலை வரை அரித்தது.

முதலில் தடித்தது என் கை. கரப்பான் எழுந்தது. நாய் எழுந்தது. புல் எழுந்தது. பிறகு வரிசையாக எல்லாம் எழுந்து, என் முன்கை பணியாரம் அடுக்கிய தட்டு மாதிரி ஆயிற்று. வாழ்க்கையில் சளி பிடித்ததாகக்கூட ஞாபகம் இல்லாத எனக்கு! என் மனைவி என் கையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "உங்க செக்கிங் ஆள் ஓவர்டைம் பாக்கறானாட்ட இருக்குதுங்க."

அவள் கையில் நான் பார்த்தது ஒரே ஓர் எண்ணைத்தான். பஞ்சு. அந்த இடத்தில் கொஞ்சமாவது புடைக்கிறதா என்று கண்ணை இடுக்கி, சாய்த்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, தையலைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். நேரம் ஓடியது. பஞ்சு எழவில்லை. தோல் மாவு தேய்த்த பலகைபோலச் சமமாக இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு எண் தள்ளி, நான் கவனிக்காத ஓர் இடத்தில், ஒரு கொழுக்கட்டை உட்கார்ந்திருந்தது.

"பஞ்சு இல்ல! பஞ்சு இல்ல!" என்று நான் எழுந்து குதித்ததில், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்து அழுதது.

உள்ளே போனோம். டாக்டரம்மா கொழுக்கட்டையை அளந்தார். "வீட்டுத் தூசியில இருக்கற பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. நம்ம தோல்ல இருந்து உதிர்ற செதிலைத் தின்னு வாழும். அதோட கழிவுதான் மூச்சுல போகுது."

"அப்ப மெஷின் தப்பிச்சுதுங்களா?" என்றாள் என் மனைவி. அவள் குரல் சிறுத்திருந்தது.

"பொறுங்க. தோல் தடிச்சா அதுதான் நோய்னு முடிவு கிடையாது. உங்க வீட்டுக்காரர் கையைப் பாருங்க, எல்லாத்துக்கும் தடிச்சிருக்கு, ஆளு ஆட்டுக்கல்லு மாதிரி இருக்காரு. தடிக்கலைன்னாலும் பஞ்சு யோக்கியம்னு சொல்ல முடியாது. அலர்ஜியே இல்லாம வெறும் தூசியாவும் அது மூச்சுக்குழாயை உறுத்தும். பூச்சியா, பஞ்சான்னு பிரிச்சுப் பார்க்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வீட்டுல தரை என்ன?"

எனக்கு நெஞ்சு விரிந்தது. யாராவது இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று நான் வருடக்கணக்காகக் காத்திருந்தேன்.

"தரையே தெரியாதுங்க டாக்டர்! சொவத்துக்குச் சொவம் துணி ஒட்டியிருக்கறேன். எங்க கம்பெனியில குளிர்காலச் சட்டைக்கு ஒரு துணி வரும், உள்பக்கம் புசுபுசுன்னு பூனைக்குட்டியாட்ட இருக்கும். கலர் மாறிப் போனதை எங்களுக்கே எடை போட்டுக் குடுத்துருவாங்க. அதை ரெட்டையா வெச்சு அடிச்சுத் தரைக்கு. மீதியில ஜன்னலுக்குத் திரை. கட்டிலுக்கு விரிப்பு, பீரோவுக்கு உறை, டிவிக்குச் சட்டை…"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"தலையணை?"

"கடையில வாங்குனதே இல்லைங்க! கட்டிங் வேஸ்டை, அதாங்க, பனியன் வெட்டுனது போக விழுகற துண்டுத் துணி, அதையெல்லாம் அடைச்சு நானே தச்சது. இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து அதேதான். கல்லாட்ட இருக்குமுங்க."

"துவைக்கறது?"

"தலையணையை ஆரானும் துவைப்பாங்களா டாக்டர்?"

"ஜன்னல்?"

"தொறக்கறதே இல்லைங்க. ரோட்டுத் தூசி வந்துருமல்லங்க, மனைவிக்கு ஆகாதேன்னு!"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். திருமணத்துக்குப் பிறகு பல பார்வைகளைப் பார்த்திருக்கிறேன். இது புது டிசைன்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைத் திருப்பி அந்தப் பூச்சியின் படத்தைக் காட்டினார். எட்டுக் கால். முகம் என்று ஒன்று இல்லை. உடம்பெல்லாம் முடி. இதமான சூடு, கொஞ்சம் ஈரம், புதைந்துகொள்ள மெத்தென்று ஓர் இடம், இவைதான் அதற்கு வேண்டுமாம். எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கே போகும்? அவள் பெரிய கம்பெனிகளில் தைத்த காலத்தில் நாங்கள் இருந்தது வெறும் சிமெண்ட் தரை போட்ட ஒற்றை அறை. சொந்த மெஷின் வந்த அதே சமயத்தில்தான் இந்த வீட்டுக்கு வந்தோம், நானும் என் அலங்காரத்தை ஆரம்பித்தேன். பழி மெஷின் மேல் விழுந்துவிட்டது.

நான் வெட்கத்தை மறைக்க என் செக்கிங் ஆள் கதையை எடுத்து விட்டேன். டாக்டரம்மா முழுக்கக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. பாதி சரியா இருக்கலாம். ஆனா ஒரே ஒரு காரணம்தான்னு யார் சொன்னாலும் நம்பிடாதீங்க. வண்டிப் புகை இருக்கு. சின்ன வயசுல எடுத்ததுக்கெல்லாம் குடுக்கற மருந்து இருக்கு. சாப்பாடு மாறிப்போச்சு. பரம்பரை இருக்கு. இவங்க அப்பாவுக்கு இழுப்பு இருந்துதுன்னீங்களே? எல்லாத்தையும் விட, நாம வெளிய இருக்கறதே இல்லை. கதவைச் சாத்திக்கிட்டு, மெத்தைக்குள்ள படுத்துக்கிட்டு, அந்தக் காத்தையே திரும்பத் திரும்ப இழுக்கறோம். அதுக்காகச் சோப்பை நிறுத்திட்டு அழுக்கைத் தேடிப் போயிராதீங்க. அழுக்குல செத்த பிள்ளைகளும் உண்டு."

செம்மண் விஷயத்தை நான் சொல்லவில்லை. என் மனைவி சொல்லிவிட்டாள்.

திட்டம் இதுதான். வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர் மருந்தை விடாமல் எடுக்க வேண்டும். வீட்டிலிருக்கிற மெத்துமெத்து எல்லாம் வெளியே போக வேண்டும். படுக்கை விரிப்பை வாரா வாரம் கொதிக்கிற தண்ணீரில் அலச வேண்டும். ஆனால் அவள் வழக்கம்போலத் தைக்க வேண்டும், முகத்தில் மாஸ்க்கோடு. அப்படியும் தும்மல் குறையவில்லையென்றால் பஞ்சும் குற்றவாளிதான். அப்போது மெஷினை விடுவதைத் தவிர வேறு வழியில்லை. டாக்டரம்மா அதையும் மறைக்காமல் சொன்னார்.

நாங்கள் ஊர் திரும்பியபோது ஆடி பிறந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். தும்மல்காரி தூசியில் நிற்கக் கூடாது என்பதால் அவளை எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தரையை உரித்தேன். நானே ஒட்டின பசை. இவ்வளவு நல்ல பசையை நான் ஏன் வாங்கினேன் என்று அன்றைக்கு என்னையே திட்டிக்கொண்டேன். துணியை இழுத்தால் சிமெண்ட் பெயர்ந்தது. அடியிலிருந்து ஒரு கொலுசுத் திருகாணி, மகளின் க்ரேயான், சரியாக அரைத்துப் பதப்படுத்திய மாவுபோல் ஒரு தூசி. திரையை இறக்கியதும் வீட்டுக்குள் வெயில் விழுந்தது. எங்கள் சுவர் பச்சை நிறம் என்பதே மகளுக்கு அன்றுதான் தெரிந்தது.

எதிர்வீட்டிலிருந்து உத்தரவுகள் வந்துகொண்டே இருந்தன. "அந்தத் தலகாணிய மறந்துராதீங்க! அய்யோ, கட்டிப்புடிக்காதீங்க, தூக்கிப் போடுங்க!"

தலையணைகளைத் தெருவில் போட்டபோது தேனி அக்கா கிண்டலாக மூக்கைத் துடைத்துக்கொண்டது. "பொணம் மாதிரில்ல கிடக்கு. யாராச்சும் ஒப்பாரி வைங்கடி!"

அன்று முதல் பாயில் படுத்தோம். ஜன்னலைத் திறந்து வைத்தோம். நான் பெரிய மாற்றத்தை எதிர்பார்த்து, காலையில் அவள் முகத்தருகே முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். சரமாகத் தும்மினாள், என் முகத்திலேயே.

முதல் வாரம் அப்படியேதான் போயிற்று. எனக்குள் உற்சாகம் இறங்கவே இல்லை; பயமும் அதோடு சேர்ந்து ஓடியது. போதாக்குறைக்கு ஆடிக் காற்று வேறு. பல்லடம் பக்கத்துப் புழுதியையெல்லாம் வாரிக்கொண்டு வந்து திறந்த ஜன்னலில் கொட்டியது. சாத்தினால் பூச்சி, திறந்தால் புழுதி. கடைசியில் காற்று அடங்குகிற காலை நேரத்தில் திறந்து, அது எழும்பும்போது சாத்தி, ஈரத்துணியால் தரை துடைத்து, எங்களுக்கென்று ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டோம். துடைக்கிற வேலை எனக்கு. குற்றம் செய்தவனுக்குக் கொடுக்கிற தண்டனை என்று நினைக்க வேண்டாம். தண்டனை தனியாக இருந்தது, இது சும்மா.

ஒரு காலையில் விசில் சத்தம் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சொன்னால் திரும்பி வந்துவிடுமோ என்று. அப்புறம் ஒரு நாள் கம்பெனியிலிருந்து வந்தபோது அவள் முடித்து வைத்த அடுக்கை எடுத்துப் பார்த்தேன். தோள்பட்டைத் தையல் ஒன்றுகூட மேலே ஏறவில்லை. அடுக்கு முழுவதும் புரட்டினேன். வீட்டில் ஒரு பீஸைக்கூட ரிஜெக்ட் செய்ய முடியாமல் நின்ற அந்தச் செக்கிங் ஆளின் சந்தோஷத்தை வேறு எந்தச் செக்கிங் ஆளும் அனுபவித்திருக்க மாட்டான்.

ஆடி முடிகிற சமயம், சொன்ன சொல் மாறாமல், மைத்துனர் டெம்போவோடு வந்தார். வாசலில் வண்டியைப் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். கயிறுகூடக் கொண்டு வந்திருந்தார். உள்ளே நுழைந்தவர் வெறும் தரையைப் பார்த்துத் திகைத்தார்.

"ஏன் மாப்ள, திருடன் வந்துட்டானா?"

"வாங்கண்ணா, உக்காருங்க" என்றாள் என் மனைவி. மாஸ்க்கைக் கட்டினாள். மெஷினில் உட்கார்ந்தாள். அன்று கட்டாயம் கொடுத்தாக வேண்டிய சரக்கு இருந்தது. தைக்க ஆரம்பித்தாள்.

அவர் ஸ்டூலை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு மாஸ்க் மூடிய அவள் மூக்கையே பார்த்தார். நானும் பார்த்தேன். தேனி அக்கா மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஒரு பீஸ் போயிற்று. இன்னொன்று. ஒரு கட்டு முடிந்தது. அடுத்த கட்டை அவிழ்த்தாள்.

பாதித் தையலில் அவள் கை நின்றது. மாஸ்க்குக்கு மேலே கண் இடுங்கியது. என் உயிர் மூச்சுக்குழாயில் வந்து நின்றுகொண்டது. அவள் காலை மிதியிலிருந்து எடுத்தாள், முகத்தைத் திருப்பினாள், தும்மினாள்.

எல்லாரும் அடுத்ததற்காகக் காத்திருந்தோம். மைத்துனர் கையிலிருந்த கயிறுகூடக் காத்திருந்தது.

வரவில்லை. அவள் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து தைத்தாள்.

"ஒண்ணுதானா?" என்றார் அவர். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன்.

"ஒண்ணு எல்லாத்துக்கும் வருமுங்ணா."

"நெஞ்சு?"

"விசில் இல்லீங்ணா. காதை வெச்சு வேணா கேளுங்க."

அவர் நிஜமாகவே எழுந்து போய், தங்கையின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். வெகு நேரம் கேட்டார். அப்பாவிடம் கேட்ட சத்தத்தைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்ததால், அந்த இடத்தில் சொல்வதற்கு என்னிடம் நல்ல கிண்டல் ஒன்று தயாராக இருந்தும் சொல்லவில்லை. நிமிர்ந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. "தூசி" என்றார்.

"மருந்த வுட்றாதே. மாஸ்க்க கழட்டாதே. திரும்பி வந்துதுன்னா எனக்கு மொதல்ல சொல்லோணும், ஒளிக்கப்படாது."

"சரிங்ணா."

அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலைத் தாண்டுவதற்குள் அவள் கூப்பிட்டாள்.

"அண்ணா, வண்டி சும்மாதான போவுது? கம்பெனிக்காரங்க மத்தியானத்துக்குள்ள சரக்கு வேணும்னாங்க. இந்தத் துணிக்கட்டையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போய் வேலம்பாளையத்துல எறக்கிக் குடுத்துட்டுப் போங்ணா. ஏனுங்க, நீங்க எதுக்கு நிக்கறீங்க? ஒரு பக்கம் புடிங்க!"

மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.